வயர் குடித்த மூச்சு

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி பாடுவதில்லை. பேச்சு திரும்பிவிட்டது, மேல்சுரம் திரும்பவில்லை. சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள், இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வராத அந்தக் குரலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் ஒத்திகையில் அவள் தனியாகப் பாடியதைப் பதிந்த பழைய கேசட் ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் ஒரு வரியாவது முணுமுணுப்பாள் என்று எனக்கு ஆசை. அதற்காகவே, டேப்பின் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி தூக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் ஒன்றை நானே கட்டினேன். தல்லாகுளம் வீட்டின் முன்னறை மேசையில், முழ நீள வயரில், குரல் பளிச்சென்று வந்தது. ஆனால் அவள் இருப்பது அடுப்படியில். எண்ணெய்ப் புகை டேப்புக்கு ஆகாது. ஆகவே கேசட் டெக்கையும் ப்ரீஆம்பையும் முன்னறையிலேயே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அடுப்படி அலமாரியில் ஏற்றி, கதவு நிலைகளின் மேலாக, இரைச்சல் புகாதபடி கம்பிவலை சுற்றிய ஷீல்டு வயரை இழுத்தேன்.

குழம்பைக் கிண்டியபடி கேட்டாள்.

"யாருங்க இது, சளி பிடிச்ச மாதிரி?"

"நீதான்."

"நான் இப்படியா பாடுனேன்? நிப்பாட்டுங்க."

ஸ்தோத்திரத்தில் 'ஸ்' இல்லை. மேல்சுரத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகினேன், இரைச்சல்தான் கூடியது.

கப்பலூரில் வேலை பார்க்கும் நண்பன், என்னைப் போலவே சால்டரிங் பைத்தியம், ஞாயிற்றுக்கிழமை வந்தான். வயர் போன வழியெல்லாம் அண்ணாந்து பார்த்தபடி நடந்தான்.

"என்ன மாப்ள, வீட்டுக்குள்ள ரயில் விடப்போறியா? உன் ப்ரீஆம்ப்ல அவுட்புட் இம்பீடன்ஸ் எகிறிக் கெடக்கு. இம்புட்டு நீளத்துக்கு அது தள்ளாது. தங்கச்சி குரல வயரே குடிச்சிருச்சு."

அதுதான் நடந்திருந்தது. நீண்ட ஷீல்டு வயர் கொஞ்சம் மின்சாரத்தைத் தன்னுள் தேக்கிக்கொள்ளும். கீழ்ச்சுரம் நிதானமாக அசைவது, தப்பிவிடும். மேல்சுரமோ நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்தத் தேக்கத்தை நிரப்பி வடிக்க வேண்டும். இம்பீடன்ஸ், அதாவது சிக்னல் வெளியேறும் வழியில் உள்ள தடை, கூடிய ப்ரீஆம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மூச்சின் சத்தம்தான் முதலில் போகும்.

ப்ரீஆம்பிலிருந்து வயர் கிளம்பும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தேன். அது குரலைப் பெரிதாக்காது. வாங்கியதை அப்படியே, ஆனால் தெம்போடு கொடுக்கும்.

கேசட்டைப் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் நின்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆர்மோனியம் ஓய்ந்தது. கேசட்டில் பாட்டுக்கு முன் அவள் இழுக்கும் மூச்சு, காற்று உரசும் அந்தச் சின்னச் சத்தம், அலமாரியிலிருந்து தெளிவாக வந்தது. அதே கணம் இவளும் மூச்சிழுத்தாள். தோள் உயர்ந்தது. உதடு பிரிந்தது.

ஸ்பீக்கர் பாடியது.

இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். கீரையைப் பார்த்தபடியே, "இது நான்தாங்க" என்றாள்.