படத்தில் இருந்த மீசை

நகேசரிடம் அழகு என்று சொல்ல ஒன்று இருந்தது என்றால் அது மீசைதான். ஆள் ஒல்லி, கறுப்பு, முன்பல் ஒன்று கரும்பாலையில் உடைந்துபோனது. மீசை மட்டும் இரண்டு பக்கமும் காதைத் தொடப் பார்க்கும். அந்த மீசையோடும் தலை நிறைய முடியோடும்தான் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி துறைமுகத்துக் கூலி டிப்போவில் அவனைப் படம் பிடித்தார்கள். மூச்சு விட்டால் படம் கலைந்துவிடும் என்று மிரட்டியதால் கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டிருக்கும். மற்றபடி அச்சு அசல் அவன்தான்.

ஐந்து வருட ஒப்பந்தம் முடித்த பழைய கூலிகளுக்கெல்லாம் அப்படி ஒரு சீட்டு உண்டு. பெயர், எண், தகப்பன் பெயர், உயரம், ஒட்டிய படம். அது இடுப்பில் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. போலீஸ்காரன் ரோட்டில் நிறுத்துவான். படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடியும் படத்தைப் பார்ப்பான். ஊர்சுற்றி என்று பிடித்தால் கொட்டடி, அப்புறம் எங்காவது ஒரு தோட்டத்தில் புது ஒப்பந்தம். கரும்பு வெட்ட ஆள் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்குச் சட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நகேசர் பிளாக் என்ற ஜில்லாவில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் பிடித்துக் கத்தரி, பூசணி, மிளகாய் போட்டிருந்தான். கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்பான். பெண்டாட்டி புதனி மொரீஷியஸிலேயே பிறந்தவள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஏழு மாதம். வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுவதை விட்டுவிட்டு அந்த வயிற்றையே கும்பிடாத குறை.

அப்படி இருக்கும்போதுதான், கரும்பு வெட்டு தொடங்கிய மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனான். தோட்டத்துப் பாதாம் மரத்தடியில் குர்ஹு என்ற நாவிதர் புதிதாகக் கடை விரித்திருந்தார். கடைசியாக வந்த கப்பலில் பீகாரிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும்.

"நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே. எந்த ஊரு தம்பி?"

"ஆரா ஜில்லாண்ணே. தேலாரி."

"தேலாரியா! யாரு மகன்?"

"ராம்தகல் மகன்."

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. குர்ஹு சுற்றிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அப்ப உனக்குத் தெரியாது. போன மழைக்கு முன்னாடி உங்க அப்பா போயிட்டாரு. உன் பெரியப்பா பேரன்தான் கொள்ளி வச்சான். அவன் தலைய மழிச்சதே நான்தான்."

நகேசர் தோளில் விழுந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

"சாகுற வரைக்கும் ஒரே பாட்டு. பெத்த புள்ள மொட்டை போடாம என் காரியம் முடியாதுன்னு. நீ கல்கத்தாவுல இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரு."

களத்துமேட்டில் நாலு பேர் முன்னால் அப்பா ஒரு அறை விட்டார் என்று ரோஷப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவன் நகேசர். ஒரு மாதத்தில் திரும்பலாம் என்றுதான் போனான். கல்கத்தாவில் ஒருத்தன் சர்க்கரைத் தீவு என்று ஆசை காட்டினான். அந்த ஒரு மாதம் பதினான்கு வருஷமாகிவிட்டது. பாதி வெட்டிய தலையோடு அவன் மரத்தடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

சேதி காதில் விழுந்த நாளிலிருந்து தீட்டு. பத்தாம் நாள் ஆற்றங்கரையில் தலையும் மீசையும் எடுத்தாக வேண்டும். இதில் கேட்கவோ சொல்லவோ ஒன்றும் இல்லை. ஆனால் புதனி கேட்டாள்.

"ஏங்க, சீட்டுல இருக்கிற படம்?"

அதுவரை அவனுக்கு அது தோன்றவே இல்லை. இடுப்பிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான். மீசைதான் முறைத்தது.

அவனோடு ஒரே கப்பலில் வந்த மங்கரு ஓடி வந்தான். கப்பலில் கூட வந்தவன் கூடப் பிறந்தவனுக்கு மேல் என்பது எங்கள் கணக்கு. அதனால் அவன் உரிமையோடு திட்டினான்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சும்ரனுக்கு என்ன ஆச்சு, மறந்துட்டியா? காய்ச்சல்ல முடி கொட்டினதுக்கே, படத்துல இருக்கிறவன் நீயில்லடான்னு இழுத்துட்டுப் போனானுங்க. இன்னும் ஆளக் காணோம்."

"மூணு மாசம் வீட்டுக்குள்ளயே கெடக்குறேன். முடி வளந்துடும்."

"காய் யாரு விப்பா? அவ வயித்தத் தள்ளிக்கிட்டு விப்பாளா? ஞாயித்துக்கிழமை வீடு வீடாப் புகுந்து பாக்குறானுங்களே, அப்ப அடுப்புக்குள்ள ஒளிவியா?"

"உயிரோட இருந்தப்ப அவர் பேச்ச ஒரு நாள் கேட்டதில்ல அண்ணே. இதையும் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

புதனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செத்துப்போனவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. முகம் தெரியாத மாமனார், கடலுக்கு அந்தப் பக்கம் எரிந்து சாம்பலானவர், இங்கே பிறக்காத பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறாரே என்றிருந்தது.

மூன்றாம் நாள் நகேசர் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தான். ஒளிவு மறைவு இல்லாமல் இருந்தால் வம்பில்லை என்று நினைத்து, மீசையோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனான். சார்ஜண்ட் நாற்காலியில் சாய்ந்து பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அப்பா செத்துட்டாரு. எங்க வழக்கப்படி மொட்டை போடணும். இந்த முகமும் சீட்டுல இருக்கிற முகமும் ஒண்ணுதான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

சார்ஜண்ட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக்கு மொட்டை?"

"வர்ற செவ்வாய்க்கிழமை காலைலங்க."

"எங்கே?"

"பாலத்துக்குக் கீழ, துறையிலங்க."

ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "போ. நிம்மதியாச் செய். அப்பாவுக்குச் செய்றத எவன் தடுப்பான்?"

நகேசருக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்து, "நல்ல மனுஷன். என்னைக்குன்னுகூட எழுதி வச்சுக்கிட்டாரு" என்றான்.

மங்கருவின் முகம் செத்துவிட்டது. "இடத்தையும் கேட்டானா?"

"கேட்டாரு."

"காகிதம் எதுவும் குடுத்தானா?"

நகேசர் வெற்றுக் கையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நாய் குரைத்தால் புதனி எழுந்து உட்கார்ந்தாள். இடத்தையாவது மாற்று என்று மங்கரு காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். நகேசர் அதற்கு மட்டும் சம்மதித்தான். நாள் பத்தாம் நாள்தான், ஆனால் பாலத்துக்குப் பதில் அரை மைல் மேலே, மூங்கில் புதருக்குப் பின்னால் என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஓரம் உட்கார்ந்தான். குர்ஹு முதலில் தலையை மழித்தார். மீசைக்கு வந்தபோது அவர் கை தயங்கியது.

"எடுங்கண்ணே" என்றான் நகேசர்.

எடுத்தார். பிண்டம் வைத்து, மூன்று தரம் முங்கி எழுந்தான். அப்பா, முடிந்தது, நிம்மதியாகப் போங்கள் என்று மனதுக்குள் சொன்னபோது பதினான்கு வருஷத்துப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஈர வேட்டியோடு கரை ஏறினான். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் குந்தியிருந்தார்கள். வேறு இரண்டு பேர் பாலத்திலிருந்து நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கரை முழுக்க ஆள் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் சார்ஜண்ட் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இவனா நகேசர்? நகேசருக்குப் பெரிய மீசை. என்கிட்ட வந்து பேசினானே" என்றார். உயரம் சரியாக இருக்கிறதே என்று மங்கரு வாதாடினான். அந்த உயரத்தில் தீவில் பாதிப் பேர் இருக்கிறார்கள் என்றார்கள். குர்ஹு சத்தியம் செய்தார். கூலிகள் ஒருத்தனுக்காக ஒருத்தன் பொய் சொல்வது வழக்கம்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தவன் சீட்டோடு திரிந்த ஊர்சுற்றி என்று தீர்ப்பாயிற்று. தெற்கே ஒரு தோட்டத்தில் ஒரு வருஷம். குமாஸ்தா புதுச் சீட்டு எழுத உட்கார்ந்தான்.

"பேரு?"

"நகேசர்."

"அந்தப் பேர்ல ஆள் இருக்கான். உன் பேரச் சொல்லு."

இரண்டு தரம் கேட்டான். மூன்றாம் தரம் அறை விழுந்தது. வேறு எந்தப் பெயரும் வாயில் வராமல் "ராம்தகல்" என்றான். குமாஸ்தா அதையே எழுதினான். மொட்டைத் தலையும் வீங்கிய கண்ணுமாகப் புதுப் படம் பிடித்து ஒட்டினார்கள். பழைய சீட்டை, நகேசர் அகப்படும்போது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அடுத்த மாதம் போலீஸ் புதனியிடம் வந்தது.

"நகேசர் எங்கே? சீட்டு இல்லாம ஓடிட்டான். எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"நீங்கதானய்யா பிடிச்சுட்டுப் போனீங்க!"

"அது ராம்தகல்."

பெண் குழந்தை பிறந்தபோது தகப்பன் இல்லை. ஒரு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தான். முதுகு வளைந்திருந்தது. மேலுதட்டில் நாலு நாள் முடி முள்ளாக நின்றது. குழந்தை அவனைக் கண்டு வீறிட்டது. புதனி அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இனி வளக்கலாம்ல?"

அவன் புதுச் சீட்டை அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். மழித்தால் இந்த ஆள். வளர்த்தால் போலீஸ் தேடுகிற அந்த ஆள்.

ஞாயிற்றுக்கிழமை குர்ஹுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தலைக்கு முடி குறைச்சு விடுறேன் தம்பி. அப்பா காரியம் முடிஞ்சு ஒரு வருஷமாச்சு. சாவு விழாத வீட்டுல மீசைய எடுக்க எனக்குக் கை வராது."

நகேசர் தலையைக் குனிந்துகொண்டான். உச்சியில் குங்குமத்தோடு, இடுப்பில் குழந்தையோடு, உள்ளேயிருந்து புதனி வந்தாள்.

"விழுந்துச்சுண்ணே. நகேசர் போயிட்டாரு. நீங்க எடுங்க."

குர்ஹு அவள் உச்சியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கத்தியைத் தீட்டினார்.