வீட்டில் இல்லாத டோ செய்ன்

உதுமானின் இடது கை சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்தபின் வலது கை மடியில் சும்மா கிடந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் 1991இல் தினமும் ரங்கூனின் தின்கன்ஜூன் பேட்டைக்குப் போய்வந்தேன்.

மண்ணியல் படித்தவர். சோவியத் காலத்து அல்மா-அத்தாவில் பதினாறு வருடம் பாடம் நடத்தினார். ருஷ்யர், கசாக்கியர், மங்கோலியர் எல்லா மாணவரும் அவரை ஒரே சொல்லால் அழைத்தார்கள்: டோசென்ட். இணைப் பேராசிரியர் என்று பொருள். ரங்கூன் திரும்பியபின் லத்தா பேட்டையில் மைத்துனர் கடையில் தேயிலைப் பொட்டலம் கட்டினார். வாதம் பேச்சைப் பறித்தபோது மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் டோசென்ட், மூத்திரம் முட்டினாலும் டோசென்ட்.

அன்று மதியம் வார்டு தலைவர், எந்த வீட்டில் யார் யார் என்று பதிந்த பட்டியலோடு வந்தார். "டோ செய்ன் எங்கே?" என்று பர்மியில் கேட்டார். பர்மியில் பெண்களின் பெயருக்கு முன் மரியாதைக்கு ‘டோ’ வரும். "நாள் முழுக்க இங்கே அந்த அம்மாளைக் கூப்பிடுவது தெருவுக்கே கேட்கிறது. பட்டியலில் பெயரில்லையே."

"அப்படி யாருமில்லை, சயா," என்று மரியாதையாகச் சொன்னாள் உதுமானின் மனைவி ஃபக்ருன்னிசா.

"டோசென்ட்," என்றார் உதுமான்.

"இதோ, கூப்பிடுகிறாரே. நாளைக் காலை அந்த அம்மாள் ஆபீசுக்கு வரவேண்டும். இல்லையென்றால் வீட்டைச் சோதிப்போம்."

சோதித்தால் டிரங்குப் பெட்டியில் ருஷ்யப் பட்டச் சான்றிதழ் கிடைக்கும், சிவப்பு அட்டையோடு. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அடுத்த தெருவில் ஒருவரைப் பட்டாளம் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"அடுப்புல போட்டுடலாம் சொர்ணாக்கா," என்றாள் ஃபக்ருன்னிசா என்னிடம்.

"காயிதத்த எரிச்சிடுவ. அவரு வாய என்ன பண்ணுவ?" என்றேன்.

உதுமானுக்குக் காது நன்றாகக் கேட்கும். பொத்தானை விட்டுவிட்டார். அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. படுக்கையை நனைத்தார், அதற்கும் கூப்பிடவில்லை.

காலையில் அவரைச் சைக்கிள் ரிக்ஷாவான சைக்காவில் ஏற்றி வார்டு ஆபீசுக்குக் கொண்டுபோனேன். "வாதம் வந்தவர், சயா. இந்த ஒரு சத்தம்தான் வரும். நீங்களே கேட்டுப் பாருங்கள்."

"பெயர் என்ன?"

உதுமான் உதட்டை இறுக்கிக்கொண்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே உதுமானின் தொடையைக் கிள்ளினேன்.

"டோசென்ட்."

"மனைவி பெயர்?"

"டோசென்ட்."

"சாப்பிட்டாச்சா?"

"டோசென்ட்."

தலைவர் தன் நோட்டில் டோ செய்ன் என்ற வரியை அடித்துவிட்டு, போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஈர மெத்தையை வெயிலில் போட்டேன்.