போயிட்டு வா

சாத்தியிருந்த குளியலறைக்குள் ‘டொக்’கென்று சத்தம். வீட்டில் நான் மட்டும்தான்.

எழுபதுகளில், சமயநல்லூர் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் பிள்ளைகள் நாங்கள் வளர்த்த ஆமை இப்படித்தான் ஓட்டால் இடிக்கும். அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டபோது அம்மா உப்புநீரில் பஞ்சு நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிழைக்கவில்லை. குழியில் மண்ணைத் தள்ளும்போது, வாசலில் வழியனுப்பும் பழக்கத்தில், “போயிட்டு வாய்யா” என்றாள்.

அப்பாவின் மண்வெட்டி நின்றது. “செத்தவங்களப் போயி யாராச்சும் ‘வா’ன்னு அனுப்புவாகளாடி?”

“வாய் தவறிருச்சுங்க.”

அதன்பின், தண்ணீர் இறைத்துக் காயவிட்ட தொட்டிக்குள்ளும் டொக் கேட்கும். அம்மா எட்டிப் பார்க்கமாட்டாள். “வந்துட்டியா?” என்று கேட்டு ஒரு பிடி சோறு போடுவாள்.

போன மாதம் அம்மா இறந்தாள். தூக்கும்போது எனக்கும் வாய் தவறி, “போயிட்டு வாம்மா” என்றுவிட்டேன்.

மறுபடி டொக். கதவைத் திறக்காமல், சோறு எடுக்க அடுப்படிக்குப் போகிறேன்.