ரெஜினாவும் அவளுடைய ரொட்டி மெஷினும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் பாதியில், என்னைப் பார்க்க கேட்டில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ரெஜினாவின் கணவர் அந்தோணி அண்ணன். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். "தனம், ரெஜினா பூட்டாம்மா" என்றார். எங்கே போனாள் என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறாள். ரிக்‌ஷா வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ராயபுரத்தில் அடக்கத்துக்கு நம் பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். யாராலும் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனியில் அவளை எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசரிடம் நேராகப் போய் நின்று கேட்பாள், பதில் வரும்வரை நகரமாட்டாள். அப்படி நிற்க அவள் எங்கே பழகினாள் என்பது ஒரே சந்தில் குடியிருந்த எனக்குத்தான் தெரியும். முதலில் அவளுக்குப் பொறுமை என்பதே கிடையாது.

அறுபதுகளின் கடைசி. அந்தோணி அண்ணன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். வயிற்றுப் புண் முற்றி ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது காரம் ஆகாது, சோறும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், பாலில் நனைத்த ரொட்டி மட்டும் கொடுங்கள் என்றார் டாக்டர். எங்கள் பக்கத்துக் கடைகளில் அப்போது கிடைத்த ரொட்டியெல்லாம் புளிப்பு. இரண்டு வாய் தின்றால் வாந்தி எடுத்துவிடுவார். மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கிய மனிதர், பாயோடு பாயாகக் கிடந்தார். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய உறவுக்காரர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். ரெஜினா அவர்களுக்கு எதிரிலேயே சொன்னாள்: "கடைக்காரன் சுடறான். நான் சுட மாட்டனா?"

துறைமுகத்தில் அந்தோணி அண்ணனின் தோஸ்து ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரர் வேண்டாமென்று ஒதுக்கிவைத்த ஒரு மெஷினை அவர் வாங்கிவந்து கொடுத்தார். பார்த்தால் சாதாரண தகர வாளிதான். உள்ளே கொக்கி போல வளைந்த ஒரு இரும்புக் கம்பி, மூடிக்கு மேலே அதைச் சுற்றும் கைப்பிடி. வாளியை மேசை விளிம்பில் திருகி மாட்டி, மைதாவும் தண்ணீரும் போட்டுச் சுற்றினால் கம்பி மாவைப் பிசைந்து உருட்டிவிடும். சுடுவது நம் பாடு. அதற்கு எண்ணெய் டின் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி, அடியில் மணல் பரப்பி, மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் ஏற்றினாள். ஈஸ்ட் எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் கப்பல் சமையல்காரர் சொல்லியனுப்பியபடி வெந்த உருளைக்கிழங்கையும் சர்க்கரையையும் அகல வாய் பாட்டிலில் போட்டு நுரைக்கவிட்டு, அதை மாவில் சேர்த்தாள்.

முதல் ரொட்டியில் கத்தி இறங்கவில்லை. அடுத்ததும் அப்படித்தான். மேலே கருகியிருக்கும், உள்ளே களி. எதிர்வீட்டுப் பையன்கள் "அக்கா, நங்கூரம் ரெடியா? கப்பல் கெளம்பப் போவுது" என்று கத்துவார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவாமல் கைப்பிடியைப் பிடிப்பாள். பிசைந்த கையோடு மாவை டின்னுக்குள் தள்ளிவிடுவாள். கொஞ்ச நேரம் வைத்துப் பாரேன் என்றேன் ஒருநாள். "மனுசன் பசியோட கீறாரு. மாவுக்கு இன்னா தூக்கம்?" என்றாள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அது மதுவிலக்குக் காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு பாட்டில்கள் நுரைத்து நுரைத்துச் சந்து முழுக்க ஒரு வாடை. யாரோ போலீசுக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மெஷினைச் சுற்றி முடித்த நேரம், ஏட்டு ஒருவரும் கான்ஸ்டபிளும் வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னாம்மா காய்ச்சறே?"

"ரொட்டி சார்."

"ரொட்டிக்கு எதுக்கு இந்த நாத்தம்?" ஏட்டு பாட்டிலை முகர்ந்துவிட்டு, வாளியைக் காட்டி, "இதையும் எடுய்யா, ஸ்டேஷனுக்கு" என்றார்.

கான்ஸ்டபிள் கை வைப்பதற்குள் ரெஜினா வாளியை மேசையிலிருந்து கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மெஷின் எங்கே போவுதோ அங்கே நானும் வர்றேன். தனம், நீ இவரைப் பாத்துக்கோ" என்றாள். பாயில் கிடந்த அந்தோணி அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னை வுடும்மா. அவ கூடப் போ" என்றார் என்னிடம். அந்த வெயிலில், தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். சந்தே வேடிக்கை பார்த்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை.

இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வீட்டில் மனிதர் பட்டினி. ரெஜினா கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். "வூட்டுக்குப் போயி நாளைக்கு வர்றோம்னு சொல்லலாம்டி" என்றேன். "மெஷினை இங்கே வுட்டுட்டா? திரும்பி வராது தனம். குந்து" என்றாள். அப்புறம் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். வாளியை மடியில் வைத்து, மூடிமேல் கையை வைத்து, அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். மத்தியான வெயில் ஓட்டுக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து வாளியைத் திறக்கச் சொன்னபோது, மூடி தானாகவே மேலே எழும்பி நின்றது. மாவு பொங்கி விளிம்புவரை வந்திருந்தது. நாங்கள் அதுவரை அப்படி ஒரு மாவைப் பார்த்ததே இல்லை.

"சாராயம் இல்லேன்னு எப்படிம்மா நம்பறது?" என்றார் அவர்.

"ஆள் அனுப்புங்க சார். கண்ணு முன்னாடி சுடறேன். ரொட்டி வரலேன்னா கூப்டாமலே நான் வந்து லாக்கப்புல குந்திக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். ஏட்டு எங்களோடு வந்தார், எங்கள் வீட்டிலிருந்து நான் எடுத்துவந்து போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். டின்னைத் திறந்தபோது வந்த வாசனையில் எதிர்வீட்டுப் பையன்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ரொட்டி டின்னின் கூரையைத் தொட்டுக்கொண்டு, பொன்னிறமாக நின்றது. ரெஜினா வெட்டவில்லை, கையாலேயே பிய்த்தாள். பஞ்சு மாதிரி பிரிந்தது. ஒரு துண்டை ஏட்டிடம் நீட்டினாள். "ரொட்டிதாம்மா" என்றார் அவர், வாய் நிறைய வைத்துக்கொண்டு. பாலில் நனைத்து அந்தோணி அண்ணனுக்குக் கொடுத்தாள். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டார். அப்போதுதான் ரெஜினா அழுதாள், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு.

அன்றிலிருந்து மாவை அவள் அவசரப்படுத்தியதே இல்லை. காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிடுவாள். மாதாகோவில் பெண்கள் கேட்டு வந்தால் ஒன்றுதான் சொல்வாள்: "பிசையறது மெஷின் வேலை. காத்துகினு கீறதுதான் நம்ம வேலை." அந்தோணி அண்ணன் தேறி மறுபடி விஞ்ச் ஏறினார். மீன் குழம்பு சாப்பிடும் நாள் வந்ததும் ரொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக அவள் அவரை நன்றாகத் திட்டியிருக்கிறாள்.

என் மகளுக்குத் திக்குவாய் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, பார்க்கலாம், அப்புறம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். மறுநாள் ரெஜினா லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். மணியடித்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், மறுபடி மணியடித்தது. "இன்னிக்கு ஆவலைன்னா நாளைக்கும் வந்து குந்தலாம். கண்ணைத் தொடச்சிக்கோ" என்றாள். சாயங்காலம் அந்த அம்மாளே வெளியே வந்து மகளின் பெயரைக் கேட்டார். அவள் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசாதபடி ரெஜினா பார்த்துக்கொண்டாள். மகள் இப்போது எட்டாவது படிக்கிறாள்.

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த உட்காருதலைத்தான். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள், மகளுக்கு ஒரு சர்ட்டிபிகேட் வாங்க ஒரு ஆபீசுக்குப் போனேன். ஐயா இல்லை, அடுத்த வாரம் வாங்க என்றார் பியூன். ஐயா உள்ளே டீ குடிக்கும் சத்தம் கேட்டது. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அடுத்த வாரம்னு சொன்னேனேம்மா."

"பரவாயில்லை. இருக்கேன்" என்றேன்.