பிள்ளையார் மடியில் கேமரா

அன்று மாமல்லபுரத்துப் பாறையோரம் இருந்தவர்கள் மூன்று பேர். இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நான், செங்கல்பட்டில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்த என் சிநேகிதன், எங்களுக்குப் பிள்ளையார் கொடுத்த கல்தச்சர். வராதவர் ஸ்டூடியோ முதலாளி. அவர் கல்யாணப் படம் எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். கேமரா அவருடையது.

வகுப்பில் ஸ்பிரிட் பாட்டிலுக்குள் வெளுத்துக் கிடந்த கடல் குதிரையைக் காட்டியிருந்தார்கள். உயிரோடு இருப்பதைப் படம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வீட்டில் நான் எதைச் சொன்னாலும் சரி என்பார்கள். அந்தப் பழக்கம் என்னைக் கெடுத்துவைத்திருந்தது.

கடையில் சும்மா கிடந்த பெட்டிக் கேமராவைச் சிநேகிதன் கொண்டுவந்தான். அதற்கு ஏதாவது ஆனால் தன் வேலை போய்விடும் என்று பஸ்ஸில், முன்பின் தெரியாதவர்களுக்கும் கேட்கும்படி, சொல்லிக்கொண்டே வந்தான். கேமராவை மிட்டாய் ஜாடிக்குள் வைத்து, ஜாடியின் வாயைச் சைக்கிள் ட்யூபால் மூடி, மெழுகு ஊற்றினோம். ட்யூபின் நடுவே, கேமராவின் விசையில் கட்டிய ஒரு நூல். இழுத்தால் படம் விழும். எல்லாம் என் யோசனை. தண்ணீரில் விட்டதும் ஜாடி வாத்துபோல் மிதந்தது. அது மட்டும் என் யோசனையில் இல்லை.

கனத்துக்கு ஒரு கல் கேட்டுப் பட்டறைக்குப் போனோம். கல்தச்சர் ஒரு சின்னப் பிள்ளையாரை எடுத்து நீட்டினார். கண் திறந்த பிறகு தும்பிக்கை நுனி தெறித்துவிட்டதாம். பின்னமான சாமியைக் கடலில்தான் சேர்க்க வேண்டும், தனக்கு ஒரு வேலை மிச்சம் என்றார். ஜாடியைப் பிள்ளையார் மடியில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். கல்தச்சரும் கூடவே வந்து பாறைமேல் உட்கார்ந்துகொண்டார்.

பாறை இடுக்கில் கழுத்தளவுத் தண்ணீர். கண்ணாடிச் சில்லையும் ட்யூபையும் ஒட்டிச் செய்த கண்கவசத்தோடு முங்கினேன். பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டு சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கடல் குதிரை நின்றது. என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டியது. பிள்ளையாரை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, குதிரை திரும்பும்வரை காத்திருந்து, நூலை இழுத்தேன்.

மேலே வந்து, தூக்கலாம் வா என்று சிநேகிதனைக் கூப்பிட்டேன். கல்தச்சர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எதைத் தூக்கற? கடலுக்குப் போன சாமி மேல வரக்கூடாது."

"அண்ணாத்த, கேமரா கீது அதுல," என்றான் சிநேகிதன்.

"கேமராவ எட்த்துக்கோ. நான் வாணாங்கறனா?"

இன்னும் முறைப்படி சேர்க்கவில்லை, இறக்கித்தான் வைத்திருக்கிறோம் என்று நான் வாதாடினேன். இவன் வக்கீலுக்கா படிக்கிறான் என்று அவர் சிநேகிதனைக் கேட்டார்.

தண்ணீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்க்க வேண்டியதாயிற்று. கயிறு ஊறிப் பருத்திருந்தது. விரலால் பார்த்தேன், நகத்தால் பார்த்தேன், கடைசியில் பல்லால். ஏழெட்டு முறை முங்கியிருப்பேன். கடல் குதிரை போகாமல் நின்று வேடிக்கை பார்த்தது. முடிச்சு விட்டது. ஜாடியை எதற்காகக் கட்டினோம் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமில்லை. அது என் தாடையில் ஓர் இடி கொடுத்துவிட்டு மேலே பாய்ந்தது. வந்த அலை அதை வாங்கிப் பாறையில் அடித்தது.

நான் தலையை வெளியே நீட்டியபோது சிநேகிதன் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து வடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா படிக்கிற மச்சான் நீ," என்றான்.

மறுநாள் முதலாளியிடம் நானும் போனேன். யோசனை என்னுடையது, இவனை வேலையைவிட்டு அனுப்பாதீர்கள் என்றேன். அவர் இருட்டறைக்குள் போனார். நனைந்த பிலிமைக் கழுவிக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"குதிரை இன்னாடா, கடலே தெரியலியே."

பெட்டிக் கேமராவுக்கு ஆறடி தூரமாவது வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார். நான் வைத்தது ஒரு சாண். கேமராவின் விலையைக் கொடுத்துவிட்டால் வேலை போகாது என்றார். என் புத்தகப் பணம் முழுவதும், அவன் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சமுமாகக் கொடுத்துத் தீர்த்தோம். கேமரா, பிலிம், ஜாடி, பிள்ளையாரை முறைப்படி கடலில் சேர்க்கக் கல்தச்சர் கேட்டு வாங்கிய தேங்காய் கற்பூரம் எல்லாம் சேர்த்து இருபது ரூபாய் மூன்றணா.