ஒரு குச்சிகூட வெளியே போகக் கூடாது

வேனில் ஆள் ஏற்றிக் காட்டைச் சுற்றிக் காட்டுகிற தொழிலில், விலங்குகளால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை டூர் போனவராக இருந்தாலும் போதும், நான் படுவது உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்தேன். பொம்பளை டூர் கூட்டிப் போவதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சனிக்கிழமை மாலையே சர்ச்சில் பூசை கண்டுவிட்டு, ஞாயிறு விடியும்போது திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பிவிடுவேன். காலையில் கன்னிவாடிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு கோயில்காடு. பிறகு ஒரு வனவிலங்கு சரணாலயம். அந்தக் கோயில்காட்டை ஊர்க்காரர்கள் சாமியின் சொத்தாகக் காத்து வந்தார்கள். வெளியாட்களை உள்ளே விட அவர்களுக்கு மனசே இல்லை. நடையாய் நடந்து சம்மதம் வாங்கினேன், ஒரே நிபந்தனையோடு: உள்ளேயிருந்து ஒரு குச்சி வெளியே போனாலும் அன்றோடு என் வேனுக்கு வழி கிடையாது. சரணாலயத்துக்கு யாரும் பஸ் ஏறிப் போய்க்கொள்ளலாம். அந்தக் காடுதான் என் பிழைப்பு.

காட்டுக்கென்று வாங்கிய ஷூ

காட்டெல்லையில் காலணியைக் கழற்ற வேண்டும். ஒரு டீச்சர் இந்த டூருக்கென்றே கெட்டியான ஷூ வாங்கிப் போட்டு வந்திருந்தார். முள், பூச்சி, பாம்பு என்று வரிசையாகக் காரணம் சொன்னார். எல்லாமே நியாயம்தான். ஆனாலும் நான் அசையவில்லை. பேகம்பூரிலிருந்து வந்திருந்த பாய் ஒருவர் எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றிருந்தார். கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

“சீக்கிரம் கழட்டுங்க டீச்சர். உங்க ஷூ ஜம்முனு இருக்கு, என் காலுதேன் வேகுது.”

நாயுருவி

நிபந்தனையைக் காட்டுக்கோயில் பூசாரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். துணியில் ஒட்டிய நாயுருவி விதைகூட எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது என்றார். அதனால் ஒவ்வொரு முறையும் எல்லாரையும் எல்லையில் உட்காரவைத்துப் பொறுக்கச் சொல்வேன். முணுமுணுப்பு காதில் விழும், விழட்டும். ஒரு முறை புதுமாப்பிள்ளை ஒருவர் மண்ணில் குந்தி, மனைவியின் சேலைக் கரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா செத்த நேரம் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தின்ன தட்டை எடுத்து வச்சதில்ல எம்புள்ள. இந்தக் காட்டுல என்னம்மா வசியம் இருக்கு?”

டிக்கெட் வேறயா

சரணாலயத்தில் ஒரு நாள் எதுவுமே கண்ணில் படவில்லை. வெறுங்கையோடு திரும்பப் போகிறோம் என்று எல்லார் முகமும் தொங்கிவிட்டது. புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வெளியே வந்தபோது எனக்கு உயிரே வந்தது. வேன் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது. ரெட்டியார்சத்திரத்துக்காரர் ஒருவர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. நிலக்கடலை போட்டிருப்பவர். வந்து பாருங்கள் அண்ணே என்று கூப்பிட்டேன்.

“இது வரக் கூடாதுன்னுதேன் ராப்பூரா வரப்புல கெடக்கேன். இதப் பாக்க டிக்கெட்டு வேறயா?”

ஊன்றுகோல்

எனக்கு வருகிற பள்ளிக்கூட டூர் எல்லாம் ஒரு தாளாளர் தருவதுதான். வயதானவர், முட்டி வலிக்காரர். ஒரு முறை அவரே பிள்ளைகளோடு வந்தார். காட்டுக்குள் விழுந்து கிடந்த காய்ந்த கொம்பு ஒன்றை எடுத்து ஊன்றிக்கொண்டார். நான் முன்னால் போனதால் கவனிக்கவில்லை. எல்லைக்கல்லுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பூசாரியும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதைப் போட்டுவிடச் சொன்னேன். காய்ந்த விறகுக்குப் போய் இம்புட்டா என்றார். பிடிவாதம் பிடித்தால் அடுத்த டூருக்கு வேறு வேன் பார்ப்பதாகவும் சொன்னார். இவர் போனால் பாதிப் பிழைப்பு போகும், கொம்பு போனால் காடே போகும். “இங்கயே போடுங்க சார், என் தோளப் பிடிச்சுக்கங்க” என்றேன். அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் அது சின்ன விஷயமில்லை. எங்கள் டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தாளாளர் என்னை முறைத்தார். பிறகு கொம்பைக் கீழே போட்டார்.

சரிவு முழுக்க என் தோளை அழுத்திக்கொண்டே இறங்கினார். அடுத்த டூர் போச்சு என்றே நினைத்தேன். வேனில் ஏறி உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

“அடுத்த வருசமும் பிள்ளைங்கள நீங்களே கூட்டிட்டுப் போங்கம்மா. நான் வேன்லயே இருந்துக்கிறேன், உங்ககூட மல்லுக்கு நிக்க என் முட்டிக்கு ஏலாது.”

இத்தனை வருடத்தில் அந்தக் காட்டிலிருந்து நான் வெளியே கொண்டுவந்தது ஆட்களை மட்டும்தான். அதிலும் சில பேரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.