கீமேன் நடித்த காட்சி

இருபத்தாறு வருஷம் ரயில்வேயில் கீமேன் வேலை பார்த்தவருக்குக் கால்தான் சொத்து. விடிந்ததும் தோளில் பையும் கையில் சுத்தியலுமாகக் கிளம்பிவிடுவார். போக நாலு மைல், வர நாலு மைல். தண்டவாளமும் தண்டவாளமும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து முடுக்கியிருக்குமே, அதை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் சோதிப்பதுதான் வேலை. சத்தம் பிசகினால் உட்கார்ந்து முடுக்குவார். வீட்டில் பாத்திரம் விழுந்தால்கூட எதில் கீறல் என்று சொல்லிவிடுவார் என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தக் கிளைப்பாதையில் அப்போதும் கரி எஞ்சின்தான் ஓடியது. அதை மோப்பம் பிடித்துச் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். யுத்த காலத்துக் கதை. எதிரியின் ரயிலைக் கவிழ்க்க நாலு பேர் தண்டவாளத்தைக் கழற்றுகிறார்கள், பட்டாளம் துரத்துகிறது. கழற்றுவது எப்படி என்று காட்ட ஆள் வேண்டும். ஆயுள் பூராவும் முடுக்கிய மனிதரிடம் கழற்றச் சொன்னால் கோபம் வர வேண்டாமா? வரவில்லை. ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்த பழைய தடத்தில் நாலே நிமிஷத்தில் கழற்றிக் காட்டினார். கைதட்டினார்கள். அதோடு அவர் புத்தி புல் மேயப் போய்விட்டது. ஸ்பேனரை இரவல் கொடுத்தார். பையில் எப்போதும் இருந்தே ஆக வேண்டிய மூன்று வெடிகளையும் கொடுத்தார். ஆபத்து என்றால் தண்டவாளத்தின் மேல் வைக்கிற வெடி அது. சக்கரம் ஏறி வெடித்தால் எப்பேர்ப்பட்ட டிரைவரும் வண்டியை நிறுத்திவிடுவான்.

பதிலுக்கு ஒரு வேஷம் கிடைத்தது. யுத்தகாலக் காவலாளி. சிவப்புக் கொடியோடு காலை வண்டிக்கு எதிரே ஓட வேண்டும், எஞ்சின் இருநூறு கஜத்துக்குள் வந்ததும் பக்கத்தில் குதித்துவிட வேண்டும். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். மனைவியின் தம்பியிடம் நாலு தடவை சொன்னார். அந்த வண்டிக்கு அவன்தான் டிரைவர்.

"மச்சான், நாளைக்கு என்னைக் காக்கி உடுப்புல பாரு."

"பார்த்துட்டாப் போச்சு மாமா. ஹீரோயின் யாரு, எங்க அக்காவா?"

மறுநாள் அவருடைய விடியற்காலை நடை நின்றது. மீசை ஒட்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. வேஷம் போட்டு முடிந்தும் யாரும் கூப்பிடவில்லை. சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர், பையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மெயின் தடத்தில் நடந்தார். வளைவு தாண்டி மூன்றாவது இணைப்பில் தட்டினார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

குனிந்து தொட்டார். மரம். கறுப்புச் சாயம் பூசிய மரம். மறுபக்கத் தகடும் மரம், போல்ட்டும் மரம். துருப்பிடித்த தடம் படத்தில் எடுபடவில்லையாம். காலை வண்டி போயாச்சு என்று யாரோ சொன்னதை நம்பி, செட் போடுகிறவர்கள் இங்கே நிஜத் தகடுகளைக் கழற்றிவிட்டு, நடிகரின் கை நோகாத தகடுகளை மாட்டியிருந்தார்கள். கழற்றியது அவர் ஸ்பேனர். கற்றுக்கொடுத்ததும் அவரேதான்.

தூரத்தில் வண்டி ஊதியது. தாமதமாகி அன்றைக்குப் பார்த்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. பைக்குள் கையை விட்டார், வெடி ஏது? இடுப்பில் செருகியிருந்த சினிமாக் கொடியை உருவிக்கொண்டு ஓடினார்.

எஞ்சின் தெரிந்தது. கொடியை வீசிக் கத்தினார். ஜன்னலில் மச்சானின் தலை நீண்டது. பார்த்துவிட்டான்! பார்த்துவிட்டுச் சிரித்தான். ஜோராகக் கையாட்டினான். வேகம் குறையவே இல்லை.

கீமேனுக்கு அப்போதுதான் உறைத்தது. காக்கி உடுப்பு, ஒட்டு மீசை, சிவப்புக் கொடி. இனி தொண்டை கிழியக் கத்தினாலும் அவ்வளவும் நல்ல நடிப்புதான். மேட்டிலிருந்து "அப்படித்தான் பெரியவரே, பிரமாதம்!" என்று ஒரு குரல் கேட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

குதிக்க வேண்டிய இடம் வந்தது. அவர் கொடியைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தின் நடுவில் நின்றார். சிறுநீர் பிரிந்துவிட்டது, ஆனாலும் நின்றார். நடிப்பாக இருந்தால் மாமா இந்நேரம் குதித்திருப்பாரே என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் இவரும் போனார், வண்டியும் போயிற்று.

பிரேக் கிறீச்சிட்டது. வண்டி எட்டடி தள்ளி நின்றது.

மச்சான் குதித்து வந்து, வயசும் உறவும் பார்க்காமல் கன்னத்தில் அறைந்தான். "சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

கீமேன் அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் இணைப்பைக் காட்டினார். அவன் தகட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டான்.

"கையாட்டினேனே மாமா," என்றான். "அப்போ பிரேக் மேல கைகூட வைக்கலையே."

விசாரணை நடந்தது, எட்டு மாசம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஸ்பேனரை இரவல் கொடுத்த குற்றம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். மச்சானும் மூச்சுவிடவில்லை.

படம் வந்தது. அவள் ஒற்றைக்காலில் நின்று இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். திரையில் புருஷன் கொடியோடு ஓடினார். எஞ்சின் ஜன்னலில் தம்பி சிரித்துக்கொண்டே கையாட்டினான். "அட, நம்ம பய!" என்று அவள் கைதட்டினாள். கீமேன் நடுவில் நின்றதை வெட்டிவிட்டிருந்தார்கள். வண்டி நிற்கவில்லை. அந்த இணைப்பில் ஏறிச் சரிந்து, பெட்டி மேல் பெட்டியாகப் பள்ளத்தில் விழுந்தது. பொம்மை ரயில்தான், பார்த்தாலே தெரிந்தது. கொட்டகை முழுக்க விசில்.

அவள் சிரிப்போடு இந்தப் பக்கம் திரும்பினாள். புருஷன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பினாள். தம்பிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தட்டிய அவள் கை அந்தரத்தில் நின்றது.

"என்னடா இது?... நிஜமாவா?"

"நிஜந்தான் அக்கா. மாமா குறுக்க நிக்கலைன்னா அதான் நான்."

அவள் இருட்டில் அவன் தலையைத் தடவினாள், முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள். இன்னொரு கையால் புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள், ஜனம் கலைந்தது. அவள் இருவரையும் விடவில்லை.